ஜப்பான் பயணம்: பெரிய பணத்தை டோக்கியோ ஹோட்டலில் போடாதீர்கள்

கேள்வி இது: “நவம்பர் கடைசியில் நானும் மனைவியும் அம்மாவும் ஜப்பான் போகிறோம். ஒன்பது இரவு. டோக்கியோ, ஹகோனே, கியோத்தோ. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். இப்படிச் செலவு செய்வது இந்த ஒரு முறைதான் என்பதால் மூன்று ஊரிலும் ஐந்து நட்சத்திர ஹோட்டலாகவே போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?”

டோக்கியோவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் அறை பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணத்தை மூன்று ஊருக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். டோக்கியோவில் காலை எட்டு மணிக்கு வெளியே போனால் இரவு ஒன்பதுக்குத்தான் அறைக்குத் திரும்புவீர்கள். அங்கே ஹோட்டல் என்பது குளித்துத் தூங்குகிற இடம். வென்னீர் ஊற்றுகள் உள்ள மலையூரான ஹகோனேவில் கதையே வேறு. நல்ல ரியோகான், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி ஒன்றில் தங்கினால் அந்த ஊரில் பார்க்க வேண்டிய இடமே அந்த ரியோகான்தான். பெரிய செலவை அந்த இரண்டு இரவுக்கு ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நட்சத்திரக் கணக்கையும் விட்டுவிடுங்கள். ஜப்பானில் ஹோட்டலுக்கு அரசு நட்சத்திரம் கொடுக்கும் முறை கிடையாது. முன்பதிவுத் தளங்களில் நீங்கள் பார்ப்பது அந்தந்தத் தளம் தானே போட்டுக்கொள்கிற எண். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற, பதினைந்து இருபது அறை மட்டுமே உள்ள ரியோகானுக்கு அந்த எண்ணில் இடமே இருக்காது. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இல்லாததால் அது மூன்று நட்சத்திரம் என்று காட்டப்படுவதும் உண்டு. ஆனால் ஜப்பானியர்கள் தங்கள் அப்பா அம்மாவின் அறுபதாம் வயதுக்குக் கூட்டிப்போவது அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

டோக்கியோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஸ்டேஷனைச் சுற்றியுள்ள மருனோவுச்சி, ஓத்தெமாச்சி பகுதியில் தங்குங்கள். தரை சமமாக இருக்கும், நடைபாதை அகலம், அரண்மனை அகழி பக்கத்திலேயே. ஹகோனேவுக்குப் போகும்போது அங்கிருந்தே ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் 35 நிமிடத்தில் ஒதாவாரா, ஹகோனேவுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன். அம்மாவை வைத்துக்கொண்டு ஷின்ஜுக்கு ஸ்டேஷனின் படிக்கட்டுகளில் அலைய வேண்டாம். அந்தப் பகுதியில் பேலஸ் ஹோட்டலைத்தான் நான் முதலில் சொல்வேன். பல அறைகளில் அகழியைப் பார்த்த மாதிரி பால்கனி இருக்கிறது. டோக்கியோவின் பெரிய ஹோட்டல்களில் ஜன்னலைத் திறக்கவே முடியாத அறைகள்தான் அதிகம் என்பதால் இதன் அருமை தங்கிப் பார்த்தால் தெரியும். பழைய கட்டடம் பிடிக்கும் என்றால் டோக்கியோ ஸ்டேஷன் ஹோட்டல். 1915-ல் ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே தொடங்கியது, 1945 குண்டுவீச்சில் குவிமாடங்கள் எரிந்துபோயின, பழைய வடிவத்திலேயே புதுப்பித்து 2012-ல் மறுபடி திறந்தார்கள். குவிமாடப் பக்கத்து அறை கிடைத்தால் ஜன்னலில் நின்று, கீழே டிக்கெட் வாசலில் ஊரே ஓடுவதைப் பார்க்கலாம். அமான், ஷாங்ரி-லா எல்லாம் இதே வட்டாரம்தான். அமானின் 33-வது மாடி லாபி உண்மையிலேயே பிரமிக்கவைக்கும். ஆனால் அதை ஒரு மாலை காபி குடிக்கப் போயும் பார்க்கலாம். அதற்காக மூன்று இரவு வாடகை கொடுக்க வேண்டாம்.

டோக்கியோவில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அநேக அறைகள் இரண்டு பேருக்கானவை. மூன்றாவது ஆளுக்கு மடக்குக் கட்டில் போட்டால் அறை நிறைந்துவிடும். அம்மாவுக்கு அடுத்த அறை, நடுவில் கதவு உள்ளதாகக் கேளுங்கள். பெயர் பெரிய ஹோட்டலில் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு இருப்பதைவிட ஒரு படி கீழே உள்ள இடத்தில் இரண்டு அறை எடுப்பது மேல்.

இனி ஹகோனே. ரியோகான் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்று புரியும். ஹோட்டலில் நீங்கள் வாங்குவது அறையை. ரியோகானில் வாங்குவது ஒரு மாலை, ஒரு இரவு, ஒரு காலை. பிற்பகல் மூன்று மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றுவதில் அது ஆரம்பிக்கும். நகாய் எனப்படும் பணிப்பெண் உங்களை அறைக்கு அழைத்துப்போய், மண்டியிட்டு உட்கார்ந்து, பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வைப்பார். இரவு உணவு எத்தனை மணிக்கு, காலை உணவு எத்தனை மணிக்கு என்று அப்போதே கேட்டுக்கொள்வார். யுகாத்தா என்ற பருத்தி அங்கிக்கு மாறிக்கொண்டு குளிக்கப் போவீர்கள். (இடது பக்கத்துணி மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.) குளித்து வந்தால் ஆறு, ஆறரைக்குக் கைசெகி சாப்பாடு. ஒவ்வொரு தட்டாக, ஒன்றரை இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் தத்தாமி பாய்மேல் மெத்தை விரித்திருப்பார்கள். காலையில் இன்னொரு குளியல், காலை உணவு, பத்து அல்லது பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்.

இந்த நேரக் கணக்கில்தான் ஒரு முறை நான் தவறு செய்தேன். மாமா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்க ஹகோனேவில் படகு, ரோப் கார் என்று சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்கு ரியோகான் வாசலில் போய் நின்றேன். சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஓகாமி, அதாவது ரியோகானை நடத்துகிற அம்மாள், தானே சோற்றுருண்டை பிடித்துக் கொண்டுவந்து தந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. எங்கள் ஐந்து பேருக்காக அன்று காலையில் வாங்கிய மீனும் காளானும் வீண். சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தோம். அதனால் ஹகோனேவில் ஊர் சுற்றுவதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மூன்று மணிக்கு உள்ளே இருங்கள். இரண்டு இரவு என்று நீங்கள் போட்டிருப்பது சரிதான். ஒரு இரவு என்றால் வந்ததும் போனதுமாக இருக்கும்.

குளியல்தான் ஒன்சென் (வென்னீர் ஊற்று) ரியோகானின் உயிர். வென்னீர் ஊற்று நீர் உங்கள் தொட்டிக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். “கென்சென் காகெனாகாஷி” என்று எழுதியிருந்தால் ஊற்று நீர் தொடர்ந்து வந்து, நிரம்பி, வெளியே வழிந்து போகிறது. சுழற்சி முறையில் திரும்ப உள்ளே விடுவதில்லை என்று பொருள். அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி என்று விளம்பரம் செய்கிற இடங்களிலும் சிலவற்றில் அந்தத் தொட்டியில் வருவது சுடவைத்த சாதாரண நீர், ஊற்று நீர் பொதுக் குளியலறையில் மட்டும் இருக்கும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பொதுக் குளியலில் ஆண்களும் பெண்களும் தனித்தனி, ஆனால் துணி எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். நம் அம்மாக்களுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே அறையிலேயே தொட்டி, அல்லது “காஷிகிரி” எனப்படும், குடும்பத்துக்கென்று மணிக்கணக்கில் ஒதுக்கித் தரும் குளியலறை இருக்கிறதா என்பது உங்களுக்கு முக்கியமான கேள்வி. நீர் 40, 42 டிகிரி சூட்டில் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவது நல்லது. இன்னொன்று: கந்தக ஊற்றாக இருந்தால் வெள்ளி கறுத்துவிடும். உங்கள் மனைவியும் அம்மாவும் மெட்டி, கொலுசைக் கழற்றி வைத்துவிட்டே இறங்கட்டும். என் சித்தியின் மெட்டி பத்து நிமிடத்தில் கரி மாதிரி ஆகிவிட்டது.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். தரையில் விரித்த மெத்தையிலிருந்து நடு இரவில் எழுந்திருப்பது அம்மாவுக்குச் சிரமம். தாழ்வான மேசை முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவதும் அப்படியே. “வாயோஷித்ஸு” என்று கேளுங்கள். பாதி தத்தாமி, பாதி கட்டில் போட்ட அறை அது. சாப்பிட நாற்காலி வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதுங்கள். பெரும்பாலும் தருவார்கள். பழைய மரக் கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, மலைச்சரிவில் கட்டியதால் அறையிலிருந்து குளியலறைக்கு முப்பது நாற்பது படி இறங்க வேண்டியும் வரும். எந்தப் புகைப்படத்திலும் இந்தப் படிக்கட்டு இருக்காது.

ஹகோனேவில், கோரா பகுதியில் இருக்கும் கோரா காதான் என்ற ரியோகான் மிகப் பெயர்பெற்றது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கான்இன் இளவரசர் வீட்டாரின் கோடை மாளிகை இருந்த இடம். செலவைப் பார்க்காமல் ஒரு முறை என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் மூவரையும் மனதில் வைத்து யோசித்தால் மியானோஷித்தாவில் இருக்கும் ஃபுஜியா ஹோட்டலையும் சொல்லத் தோன்றுகிறது. 1878-ல் தொடங்கியது, கோயில் கோபுரம் போன்ற கூரையும், உள்ளே மேற்கத்திய அறைகளும் கட்டிலுமாக இருக்கும். சாப்ளின் தங்கிய இடம். நீண்ட நாள் மூடிப் புதுப்பித்து 2020-ல் திறந்தார்கள். அங்கே அறைக் குளியல் தொட்டிக்கே ஊற்று நீர் வருகிறது. தத்தாமி, மண்டியிடல் எதுவும் இல்லை என்பதால் ரியோகான் அனுபவம் முழுதாகக் கிடைக்காது. ஆனால் அம்மா நிம்மதியாகத் தூங்குவார். ஒரு இரவு அங்கே, ஒரு இரவு ரியோகானில் என்றும் பிரிக்கலாம்.

சைவம்தான் இருப்பதிலேயே கடினமான பகுதி. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. அதில் சேர்வது கத்ஸுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை போலக் காயவைத்துச் சீவி எடுப்பது. நம் ஊர் மாசிக் கருவாடேதான். சூப், வேகவைத்த காய், முட்டைக் கலவை, தொட்டுக்கொள்ளும் சாறு, காலையில் வரும் மிசோ சூப் எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. “சைவம்” என்று மட்டும் எழுதினால் மீன் துண்டு, இறைச்சித் துண்டு வராது. தாஷி வரும்.

என் பெரியம்மா தூத்துக்குடிக்காரர், பிறவிச் சைவம். ஒரு ரியோகானில் சைவம் என்று சொல்லித்தான் பதிவு செய்திருந்தேன். அரக்குக் கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் தெளிந்த சாறு, அதில் இரண்டு துண்டு யூபா (சோயாப்பால் ஆடை), மேலே ஒரு கீற்று யூசு எலுமிச்சைத் தோல். பார்க்கவே அவ்வளவு அழகு. பெரியம்மா மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதுல மாசி இருக்கு” என்றார். நகாயிடம் கேட்டேன், ஆமாம் என்று ஒத்துக்கொண்டு பதறிப்போனார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவர் அரை மணி நேரம் கழித்து, கொம்பு என்கிற கடற்பாசியும் காளானும் மட்டும் போட்ட சாறோடு வந்தார். அதைப் பெரியம்மா குடித்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்தத் தட்டையும் முகர்ந்து பார்க்காமல் தொடவில்லை.

அதனால் பதிவு செய்யும் முன்பே மின்னஞ்சலில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: இறைச்சி கூடாது, மீன் கூடாது, இறால் நண்டு கூடாது, முட்டை கூடாது, கத்ஸுவோபுஷி தாஷியும் கூடாது, கொம்பு தாஷியும் காளான் தாஷியும் சரி, பால் சரி. இந்த வரிகளை ஜப்பானிய மொழியில் மாற்றி அனுப்பினால் இன்னும் நல்லது. பதிலில் “கொஞ்சம் கடினம்” என்று இருந்தால் முடியாது என்று அர்த்தம். வற்புறுத்த வேண்டாம், அடுத்த இடத்தைப் பாருங்கள். தாஷியைப் பற்றி அவர்களே திரும்பக் கேள்வி கேட்டு எழுதுகிற இடம்தான் உங்களுக்கு ஏற்ற இடம். விலை, காட்சி, தொட்டி எல்லாவற்றையும்விட இந்தப் பதில் கடிதத்தை வைத்துத்தான் நான் ரியோகானைத் தேர்ந்தெடுப்பேன். ஒரு விருந்தாளி வருவதற்கு மூன்று மாதம் முன்பே அவர் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறவர்கள் மற்ற எல்லாவற்றிலும் அப்படித்தான் இருப்பார்கள்.

முழுச் சைவம் என்றால் ஷோஜின் ரியோரி, பௌத்த மடங்களின் சமையல். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். கோயாசான் மலையில் சுமார் 50 கோயில்கள் யாத்ரிகர்களுக்கு அறை தருகின்றன, சாப்பாடு இதுதான். கூக்காய் என்ற துறவி 816-ல் தொடங்கிய மடத்திலிருந்து வளர்ந்த ஊர் அது. எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் சுமார் 800 மீட்டர் உயரம், நவம்பர் கடைசியில் குளிர் கடுமை, தரை மெத்தைதான் பெரும்பாலும். இந்த முறை அம்மாவை அங்கே கூட்டிப்போக வேண்டாம். கியோத்தோவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெத்ஸு என்ற ஷோஜின் உணவகம் இருக்கிறது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கியோத்தோவில் நீங்கள் போவது இலைகள் சிவக்கும் உச்சக்கட்டம். கூட்டம் நெரியும், பேருந்தில் ஏற முடியாது. இங்கே ஹோட்டலுக்குள் ஒரு தோட்டம் இருப்பது ஆடம்பரம் இல்லை, தேவை. ஃபோர் சீசன்ஸில் 800 வருடப் பழமையான குளத்தோடு ஒரு தோட்டம் இருக்கிறது. நீங்கள் கோயில் கோயிலாகப் போகும்போது அம்மா அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். நிஜோ கோட்டைக்கு எதிரே 2020-ல் திறந்த ஹோட்டல் தி மிட்சுயி இன்னும் வசதி. 1703-ல் கட்டிய பழைய வாயிலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், சொந்த வென்னீர் ஊற்றும் உண்டு, சுரங்க ரயில் நிலையம் பக்கம், தரை சமம். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பார்க் ஹயாத் இருக்கும் ஹிகாஷியாமா பக்கம் அழகு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் எங்கே திரும்பினாலும் ஏற்றமும் படியும்தான். அராஷியாமாவில் படகில் ஏறிப் போய்ச் சேர வேண்டிய ஹோஷினோயா இளம் தம்பதிக்கு அருமை. மற்ற கோயில்களுக்கெல்லாம் தூரம். தவராயா, 1818-ல் தொடங்கிய ஹீராகியா என்ற இரண்டு பழம்பெரும் ரியோகான்கள் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. ஹகோனேவில் ரியோகான் சாப்பாடு சாப்பிட்டு வந்த கையோடு மறுபடியும் இரண்டு மணி நேர விருந்து என்றால் அலுத்துவிடும். அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது ஏமாந்துவிடாதீர்கள். ஹோட்டல் விலை அறைக்கு. ரியோகான் விலை பெரும்பாலும் ஆளுக்கு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. 60,000 யென் என்று போட்டிருந்தால் உங்கள் மூவருக்கும் 1,80,000. ஹோட்டல் விலையில் 15 சதவீதம் சேவைக் கட்டணமும் 10 சதவீதம் வரியும் சேர்ந்ததா என்று பாருங்கள். சேராத ஒரு லட்சம் யென் அறை கடைசியில் 1,26,500 ஆகும். கியோத்தோவில் தங்கும் வரியும் 2026 மார்ச் முதல் ஏறியிருக்கிறது: ஆளுக்கு ஒரு இரவு வாடகை 50,000 யென்னைத் தொட்டால் 4,000, ஒரு லட்சத்தைத் தொட்டால் 10,000. டிப்ஸ் எங்கேயும் கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டிகளை ஹகோனே மலைக்கு இழுத்துப் போகாதீர்கள். டோக்கியோ ஹோட்டல் ரிசப்ஷனில் கொடுத்தால் தக்கியூபின் என்ற பார்சல் சேவையில் கியோத்தோ ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேரும். இரண்டு நாள் துணியோடு ஒரு சின்னப் பை போதும். ஹகோனேவிலிருந்து திரும்ப டோக்கியோ வர வேண்டாம். ஒதாவாராவிலிருந்து நேராகக் கியோத்தோவுக்கு ஷின்கான்சென் இருக்கிறது.

முன்பதிவு வரிசையும் முக்கியம். முதலில் ரியோகான், அதிலும் சனிக்கிழமை இரவைத் தவிர்த்துவிட்டு. அன்று விலையும் கூட்டமும் அதிகம். அவர்கள் சரி என்று சொன்ன தேதியை நடுவில் வைத்து முன்னால் மூன்று இரவு டோக்கியோ, பின்னால் நான்கு இரவு கியோத்தோ. நவம்பர் கடைசிக்கு ஆறு மாதம் முன்பே கியோத்தோ நிரம்ப ஆரம்பித்துவிடும், அதனால் இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். அம்மாவின் பெட்டியில் நான்கு ஜோடி கெட்டியான சாக்ஸ் வையுங்கள். தத்தாமியில் செருப்பு போடக்கூடாது, அந்த மாதத்தில் மரத் தாழ்வாரம் காலில் ஜில்லென்று ஏறும்.